கத்திரிக்காய்க்குப் பயந்த டீச்சர்

பீளமேட்டுப் பள்ளியில் அறிவியல் நடத்தும் சண்முகப்ரியா காங்கேயத்துப் பெண். சிறுவயதிலேயே அவளுக்கு முழங்கை மடிப்பில் தோல் தடித்து அரிக்கும் கரப்பான் வந்துவிட்டது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஊரில் வாயுள்ளவர்கள் அத்தனை பேரும் வைத்தியராகிவிட்டார்கள். கத்திரிக்காய் கரப்பான் பண்டம் என்றார் பால்காரர். கடலைக்காய் ஆகவே ஆகாது என்றார் பஸ் கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே. முட்டையை நிறுத்தியது யாரென்று தெரியவில்லை. கட்டுத்தறியில் நின்ற காளை தலையாட்டியிருக்கும், அம்மா மயிலாத்தாள் அதையும் நம்பியிருப்பாள்.

கடைசியில் தட்டில் மிஞ்சியது சோறும் ரசமும். ஆடிக் காற்றில் பறந்துவிடுவாள் என்று அவள் பையில் கல் போட்டு அனுப்பியதாக அத்தைமார் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். உடம்பு இளைத்தது, அரிப்பு மட்டும் இளைக்கவில்லை.

கடலைக்காய் வேகும் வாசனை வந்தால் போதும், இப்போதும் அவளுக்குக் காங்கேயத்துக் களத்துமேடு நினைவுக்கு வந்துவிடும். மற்ற பிள்ளைகள் உரித்துத் தின்ன, இவள் தொலியைப் பொறுக்கி மோந்துகொண்டிருப்பாள். "நல்லா மோந்துக்க கண்ணு, வாசனைக்குக் கரப்பான் வராது" என்பார் அப்பா.

இந்த வருடம் மூன்றாம் வகுப்பு ஹர்ஷிணிக்கும் அதே கரப்பான். சத்துணவு முட்டையைப் பக்கத்துப் பிள்ளையிடம் தள்ளிவிடுவாள். எடை இறங்கிக்கொண்டே வந்தது. தோல் டாக்டர் சோதித்துப் பார்த்து, எந்த உணவாலும் இவளுக்கு ஒவ்வாமை இல்லை, களிம்பை விடாமல் பூசுங்கள், எல்லாம் கொடுங்கள் என்றார். அம்மா அன்புக்கரசிக்கு மனம் வரவில்லை.

சண்முகப்ரியா அவளை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச்சொன்னாள்.

"ஏதாவது தின்னு தடிச்சா டாக்டர்கிட்டக் காட்டலாமுங்க. ஊரு சொல்லுதுன்னு ஒவ்வொண்ணா நிறுத்துனா புள்ளை எப்படிங்க வளரும்?"

"உங்களுக்கும் சின்னதுல இருந்துச்சுன்னு சொன்னீங்களே டீச்சர். நீங்க கத்திரிக்காய் திம்பீங்களாங்க?"

ஹர்ஷிணி முந்திக்கொண்டாள். "டீச்சர் ஓரமா ஒதுக்கி வெச்சுருவாங்கம்மா."

"டாக்டர் உங்களுக்குக் கத்திரிக்காய் ஆகாதுன்னாருங்களா?" என்றாள் அன்புக்கரசி.

"ஒண்ணும் ஆகாது, தின்னுங்கன்னாருங்க. அதுவும் பல வருசமாச்சு. பயமுங்க."

"படிச்ச உங்களுக்கே பயம். நான் மட்டும் எந்தத் தைரியத்துல குடுக்கறது?"

அன்றைக்குச் சத்துணவில் கத்திரிக்காய் சாம்பார். சண்முகப்ரியா ஒரு துண்டை எடுத்து, கண்ணை மூடி, வாயில் போட்டாள். தாயும் மகளும் அவள் முழங்கையையே பார்த்தார்கள்.

"எப்படிங்க இருக்குது?"

"கொழகொழன்னு இருக்குதுங்க. இதுக்கா இத்தனை வருசம் ஏங்குனேன்?"

அன்புக்கரசி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே முட்டையைப் பிட்டு மகள் தட்டில் பாதியை வைத்தாள். ஹர்ஷிணி அதை விழுங்கிவிட்டு மறுபாதிக்குக் கை நீட்டினாள்.

சாயங்காலம் காங்கேயத்துக்குப் போன் போட்டாள் சண்முகப்ரியா. விஷயத்தைக் கேட்டதும் மயிலாத்தாள், "அரிக்குதா கண்ணு?" என்றாள்.

"இல்லீம்மா."

"ஞாயித்துக்கெழமை வந்துட்டுப் போ. கடலைக்காய் வேக வெக்கறேன்."