துண்டு போட்ட இடம்

தையல்நாயகி இறந்துபோன செய்தி எனக்குக் கோட்டுச்சேரி பஸ்ஸில் வந்தது. தினமும் காலையில் அவரைக் கல்லூரிக்கு ஏற்றிவரும் பஸ் அது. அன்று கல்லூரி வாசலில் யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் மட்டும் படியில் நின்றபடி கைகாட்டி என்னை அழைத்தார். "சார், உங்க மேடம் விடியக்காலம் போயிட்டாங்க. வூட்டுல சொல்லச் சொன்னாங்க" என்றார். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். பஸ் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போய் யாரிடம் சொல்வது? இந்த மாதிரிச் செய்தி எதுவானாலும் நான் முதலில் சொல்வது அவரிடம்தான்.

அவரிடம் கணிதம் படித்தவர்கள் காரைக்காலில் தெருவுக்கு ஒருவர் இருப்பீர்கள். எல்லோரும் அவரைத் 'தையல் மேடம்' என்று சுருக்கிக் கூப்பிடப்போய், புதிதாகச் சேர்ந்த பெண்கள் தையல் வகுப்பு எந்த அறையில் என்று விசாரித்த கதையும் உங்களுக்குத் தெரியும். நான் இயற்பியல் துறை. கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைக் கட்டி மேய்க்க எங்கள் இருவரையும் பிடித்துப் போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டிய ஏ.சி. அறை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. "நான் வேலைக்கு வர்றேன், சார் குளுமைக்கு வர்றாரு" என்று என் காதுபடவே சொல்லுவார்.

எங்கள் சண்டை முதல் வாரத்திலேயே ஆரம்பித்தது. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லி எழுதும் பாஸ்கல் மொழியில் ஒரு சோதனை உண்டு. நாற்பது பேருக்கு இடம் ஒதுக்கிவிட்டு நாற்பத்தோராவது ஆளையும் எழுதப் போனால் வேலை அப்படியே நின்றுவிடும். வேகம் வேண்டுமென்றால் அந்தச் சோதனையை அணைத்துவிடலாம். அணைத்துவிட்டால், கூடுதலாக வந்த ஆள் பக்கத்தில் இருப்பதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்வான். மெஷின் வாயே திறக்காது. சி என்ற இன்னொரு மொழியில் அந்தச் சோதனையே கிடையாது. நான் அணைக்கிற கட்சி. எழுதுகிறவன் ஒழுங்காக எழுதினால் போதாதா என்பேன்.

"எழுதறவங்களை நம்பக்கூடாதுன்னு இல்லைங்க சார். அவங்களுக்கும் காய்ச்சல் வரும், பஸ் போயிடும்னு அவசரம் வரும். மொழியை உண்டாக்கறவங்க அதையும் சேர்த்து நெனைச்சிருக்கணும்" என்பார் அவர். அப்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒருநாள் மாலை பஸ் ஸ்டாண்டில் ஒரு கூத்து நடந்தது. கோட்டுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார் தையல்நாயகி. நான் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேன். டீக்கடையிலிருந்து வேகமாக வந்து ஏறிய ஒருவர், "எந்திரிங்கம்மா, இது நான் துண்டு போட்ட எடம்" என்றார்.

"துண்டு எங்கங்க?" என்று கேட்டார் இவர்.

அந்த மனிதர் சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். துண்டு இல்லை. அவர் டீ குடிக்கும் நேரத்தில் அந்த பஸ்ஸைத் திருப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டு, அதே இடத்தில் அதே போர்டை மாட்டி வேறு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவர் துண்டு திருப்பட்டினம் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸே சிரித்தது. தையல்நாயகி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

மறுநாள் அறைக்குள் நுழைந்ததும் அதைத்தான் பேசினார். "அவர் பொய் சொல்லலை சார். துண்டு போட்டது நெசம். அதே ஜன்னல், அதே சீட்டு. பஸ்தான் வேற. அது அவருக்குத் தெரியாது. நம்ம புரோகிராமும் இதைத்தான் பண்ணுது. ஆள் போயிட்டாங்க, அந்த எடத்துல வேற ஆள் உக்காந்தாச்சு, ஆனா பழைய ஆளைத் தேடி அங்கயே போய் நிக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "துண்டுலயும் பஸ்லயும் டிரிப் நம்பர் எழுதியிருந்தா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் அவர் தனக்கென்று ஒரு சின்ன மொழியைக் கட்டினார். அதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டிரிப் நம்பர். ஆள் மாறும்போதெல்லாம் அது மாறும். யார் ஒரு இடத்தைத் தேடி வந்தாலும் கையிலுள்ள நம்பரும் இடத்தின் நம்பரும் பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் நின்றுவிடும். இந்தச் சோதனையை அணைக்க அவர் மொழியில் வழியே வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பார்ப்பதால் ஆமை வேகம். திரையில் வரும் செய்தியையும் அவரே எழுதினார். மெஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாததால் ஆங்கில எழுத்திலேயே தமிழாக அடித்து வைத்தார்: 'நீங்கள் தேடுபவர் இப்போது இந்த இடத்தில் இல்லை.'

அந்த மொழியில் அவர் செய்த முதல் பெரிய வேலை, கல்லூரியில் ரத்தம் கொடுக்கக் கூடியவர்களின் பட்டியல். எல்லோருடைய பெயரும் ஓரிடத்தில் இருக்கும். ஒவ்வொரு ரத்த வகைக்கும் தனிப் பட்டியல். அதில் பெயர் இருக்காது, அந்த ஆள் எந்த இடத்தில், எந்த டிரிப் நம்பரில் இருக்கிறார் என்பது மட்டும் இருக்கும்.

ஒரு பிற்பகல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு உடனே ஓ நெகடிவ் வேண்டும். பிரின்சிபால் எங்கள் பின்னால் வந்து நின்றார். மெஷின் யோசித்து யோசித்து, முதல் ஆளிலேயே அந்தச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றது. படிப்பு முடித்துப் போன ஒரு மாணவனின் இடத்தில் வேறு யாரோ இருந்திருக்கிறார்கள்.

"ஒரு உசிரு ஊசலாடுது, உங்க மெஷின் இப்பத்தான் மக்கர் பண்ணணுமா?" என்று பிரின்சிபால் கத்தினார்.

"மக்கர் இல்லைங்க சார். தப்பான ஆளைச் சொல்ல மாட்டேங்குது" என்றார் தையல்நாயகி. பிறகு பையை எடுத்துக்கொண்டு, "நானும் ஓ நெகடிவ்தான்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடி ரிக்ஷா பிடித்தார்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், அவர் எதிரிலேயே, அவசரத்துக்கு உதவாத மொழி என்று முடிவு செய்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து அதே பட்டியல்களை, டிரிப் நம்பர் இல்லாமல், சி மொழியில் புதிதாக எழுதிக் கொடுத்தார். விசையைத் தட்டினால் பெயர் வந்து விழுந்தது. தையல்நாயகி அன்று என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நின்னா எல்லாரும் கோவப்படுவாங்க சார். தப்பா ஓடினா யாருக்கும் தெரியவே தெரியாது." அதற்குப் பிறகும் தன் மொழியைத் திருத்திக்கொண்டேதான் இருந்தார். ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு, விசையைத் தட்டினால் அடுத்த ஆளுக்குப் போகும்படி மாற்றினார். யாரும் கேட்காத வேலை. சிறுநீரகம் கெட்டு, லீவில் போய்ப் போய் வந்துகொண்டிருந்த நாட்களிலும் அதை விடவில்லை. அவ்வளவு பிடிவாதக்காரர் சாவிடம் மட்டும் எப்படி விட்டுக்கொடுத்தார் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் போன பிறகு ஆபீசில் முறைப்படி பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள். அந்த இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியர் கருணாகரனின் பெயரைப் போட்டார்கள். சில நாளில் மறுபடி ஓ நெகடிவ் கேட்டுப் போன். விசையைத் தட்டியதும் கருணாகரன் பெயர் வந்தது. அவரும் பாதிப் பாடத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வேறு ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

"சார், நான் பி பாசிட்டிவ். லிஸ்ட்ல எப்படி இப்படி வந்துச்சு?" என்று கருணாகரன் என்னிடம் வந்து கேட்டார்.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஓ நெகடிவ் பட்டியல் தேடிப் போனது தையல்நாயகியை. அவர் இடத்தில் கருணாகரன் உட்கார்ந்திருந்தார். அது அந்தப் பையனுடைய தப்பில்லை.

பிரின்சிபாலை அழைத்துவந்து பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். தையல்நாயகியின் மொழியை மெஷினில் ஏற்றி, அதிலிருந்த பழைய பட்டியலில் அவர் பெயரை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கருணாகரனைப் போட்டேன். பிறகு ஓ நெகடிவ் கேட்டேன். நேரம் எடுத்துக்கொண்டது. இருவரும் திரையைப் பார்த்தபடி காத்திருந்தோம். பச்சை எழுத்தில் அந்த வரி வந்து நின்றது: நீங்கள் தேடுபவர் இப்போது இந்த இடத்தில் இல்லை.

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதையே வச்சுக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இப்போது கல்லூரியில் தையல்நாயகியின் மொழிதான் ஓடுகிறது. மெதுவாகத்தான் ஓடுகிறது. காத்திருக்கிறோம்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரி. வேலை நடுவில் ஏதாவது கேட்க "மேடம்" என்று பக்கத்து நாற்காலிப் பக்கம் இன்னமும் திரும்பிவிடுகிறேன். அப்போது அந்த வரி ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கு மேல் ஓடாமல் நானும் நின்றுவிடுகிறேன்.