நான் அனுப்பாத ஹார்மோன் கடிதம்

காதர் பாயின் பார்வை பாதி போனதற்கு நான்தான் காரணம். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். இனி படிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்!

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் எனக்கு வேலை. டாக்டரம்மா எழுதும் பரிந்துரைக் கடிதங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மெயிலில் அனுப்பி, நோயாளிக்கு நாள் வாங்கித் தர வேண்டும். பி.எஸ்சி. படித்தவன் அல்லவா... எல்லாம் தெரியும் என்ற திமிர்!

வாராவாரம் நாலைந்து பேரை அதே ஆஸ்பத்திரியின் ஹார்மோன் பிரிவுக்கே டாக்டரம்மா அனுப்பினார். ஏன் அங்கேயே? கமிஷன்தான்! யாரிடமாவது கேட்டேனா? இல்லை.

காதர் பாய் எங்கள் தெருக்காரர். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். ஓயாத தலைவலி, சர்க்கரை. கால் பெருத்து, எட்டாம் நம்பர் செருப்பு பத்தாம் நம்பர் ஆகியிருந்தது. டாக்டரம்மா அவருடைய தடித்த விரல்களைப் பார்த்துவிட்டு, 'அவசரம்' என்று எழுதினார்.

"இன்னா நைனா, செருப்பு பத்தலன்னா ஹார்மோன் டாக்டரா?" என்று சிரித்தார் பாய்.

"அல்லாம் கமிஷன் பாய். பத்து டெஸ்ட் எழுதி பேஜாராக்குவாங்க. சக்கர மாத்திரய ஒயுங்கா போடு, போதும்."

கடிதத்தை நான் அனுப்பவே இல்லை.

ஏழு மாதம் கழித்து, எண்ணூர் சாலையில் பக்கவாட்டில் வந்த ஆட்டோ அவர் கண்ணில் படவே இல்லை. இடித்துவிட்டார். நல்லவேளை, யாருக்கும் உயிர் போகவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால், மூளைக்கு அடியில் இருக்கும் ஹார்மோன் சுரப்பியில் கட்டியாம்... கை, கால் பெருத்ததும் அதனால்தானாம்... கண் நரம்பை நசுக்கிவிட்டதாம். முன்பே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாமாம்!

"லெட்டர் அனுப்பினியா?" என்றார் டாக்டரம்மா, பாயை எதிரில் வைத்துக்கொண்டே.

"அனுப்பினேன் மேடம். அவருதான் போகல."

பொய்!

"நம்ம பக்கத்துல ஹார்மோன் பிரிவு இருக்கிறதே அங்க மட்டும்தான். அங்கயும் போகலன்னா நான் எங்க அனுப்புவேன்?" என்று அவர் பாயைத் திட்டினார். பாய் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். என் பெயரை எடுக்கவில்லை. ஏன்?

அன்றிலிருந்து எல்லோர் மீதும் சந்தேகம். டாக்டரம்மா மெயிலைத் திறந்து பார்த்திருப்பாரோ? பாய்க்கு எல்லாம் தெரியுமோ? இப்போதும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறாரே! நீங்களே சொல்லுங்கள், தெரிந்துகொண்டே ஒருவரால் இப்படிச் சிரிக்க முடியுமா?

நேற்று பாய் வந்தார். கழுத்து வீங்கிய மகள் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவளுக்கும் அதே பிரிவுக்குக் கடிதம்.

"நீ படிச்ச புள்ள. சொல்லு நைனா, இட்டுகினு போலாமா?"

"போங்க பாய்... நாளைக்கே போங்க."

"நீ சொன்னா சர்தான்."

கடிதத்தை என்னிடம் நீட்டினார். அந்தப் பெண் அதைச் சட்டென்று வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நானே குடுத்துக்கிறேன்ணா."