எட்டில் ஒரு பங்கு கல்யாணம்

போன வாரம் திலக் நகரில் எங்கள் வீட்டுக்குப் புது இன்டர்நெட் இணைப்பு வந்தது. நூறு ஸ்பீடு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அரை மணி நேரத்தில் என் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மம்மி, சீட்டிங் ஹை யே. நூறுன்னாங்க, பன்னெண்டுதான் வருது."

"எட்டால வகுத்துப் பாரு" என்றேன். லைன்காரர்கள் பிட்டில் அளக்கிறார்கள், டிஸ்க்காரர்கள் பைட்டில் அளக்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். லைன்காரர்கள் சின்ன எழுத்து 'பி' போடுவார்கள், டிஸ்க்காரர்கள் பெரிய எழுத்து. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொன்னதும் அவள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள். எப்படிக் கற்றேன் என்று கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான்.

இருபது வருஷம் முன்பு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சைபர் கஃபேயில் வேலை பார்த்தேன். எட்டு கணினி, ஒரு ஏசி. ஏசி ஓடினால் ஈரச் சாக்கு வாசனை, ஓடாவிட்டால் ஊதுவத்தி வாசனை. ஹார்டுவேர் கோர்ஸ் முடித்த கையோடு சேர்ந்ததால் டிஸ்க், கேபிள் எல்லாம் எனக்கு அத்துப்படி. டிஸ்க் உலகத்தில் எல்லாமே பைட். எங்கள் கடை லைன் '256' என்று முதலாளி சொன்னார். என்ன 256 என்று நான் கேட்கவில்லை. முதல் வேலையில் யார் கேட்பார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மீரான் பாய் வந்தார். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கம். முந்தின ஞாயிறுதான் மகள் கல்யாணம் முடிந்திருந்தது. தம்பி காசிம் மஸ்கட்டில் இருந்தார், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பாய் கையில் கல்யாண சிடி.

"இத அவனுக்கு அனுப்பணும்மா. ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுமதி வாங்கிருக்கான். ரெண்டு மணி நேரம்தான். எவ்வளவு நேரம் ஆவும்?"

எழுநூறு மெகாபைட். பேப்பரில் வகுத்தேன். "முக்கால் மணி நேரம், பாய்."

பாய் அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் அந்த ஆபீசில் கூடிவிட்டார்களாம். இரண்டு கணினிகளும் சாட்டில் பேசிக்கொண்டன. கோப்பு புறப்பட்டது.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரையில் பன்னிரண்டு சதவீதம் என்று இருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் எனக்கு வேர்த்தது. முதலாளிக்குப் போன் செய்தேன். "கிலோபிட், பேட்டா, கிலோபிட்" என்றார், குழந்தைக்கு எழுத்துச் சொல்லித்தருவதுபோல. நான் 256-ஐக் கிலோபைட் என்று நினைத்து வகுத்திருந்தேன்.

"பாய், தப்பு பண்ணிட்டேன். முக்கால் மணி இல்ல. ஆறு மணி நேரம் ஆகும்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்தார். "மிச்ச நேரத்துல எவ்வளவு போவும்?"

"அவங்க பாக்கவும் நேரம் விட்டா எட்டுல ஒரு பங்கு. எண்பது நிமிஷத்துல பத்து நிமிஷப் படம்."

"அப்ப வெட்டும்மா" என்றார், பட்டறையில் தோலைக் காட்டிச் சொல்வதுபோல.

அனுப்பிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் படத்தை ஓட்டிக் காட்டினேன். நிக்காஹ் வந்தது.

"இதையா, பாய்?"

"வேண்டாம். எல்லாரும் குனிஞ்சுல்லா இருக்காவ."

மணப்பெண் வந்தாள். "பிள்ளய போட்டோல பாத்துட்டான்." பந்தி வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இதான். எவன் வந்தான், எவன் வரலன்னு அவன் பாக்கணும்."

பத்து நிமிஷம் வெட்டினேன். வகுத்த கணக்கைப் பெருக்கிப் பார்த்து, மறுபடி வகுத்தேன். இந்தத் தடவை லைன் கணக்குப்படியே நடந்தது. நீலக் கோடு கடைசிவரை போய் நின்றபோது மஸ்கட்காரர்களுக்குக் கால் மணி நேரம் பாக்கி இருந்தது. அதற்குப் பிறகு சாட் பெட்டியில் ஒன்றும் வரவில்லை. பாயும் நானும் காலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது. அவருக்குக் கண்ணாடி இல்லாததால் நான் வாசித்தேன்.

"காக்கா, நீங்க ஏன் இவ்வளவு மெலிஞ்சிட்டீங்க?"

காக்கா என்றால் அவர்கள் வீட்டில் அண்ணன். பந்தியில் சோற்று வாளியோடு பாய் இரண்டு தடவை குறுக்கே போனது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நா மெலிஞ்சா இருக்கேன்?"

"கொஞ்சம்" என்றேன். அன்றைக்கு நான் வகுக்காமலே சரியாகச் சொன்ன அளவு அது ஒன்றுதான்.

அந்தக் கடை இப்போது மொபைல் கவர் கடை. நீலக் கோட்டையும் சாட் பெட்டியையும் என் மகள் பார்த்ததே இல்லை. இன்றைக்கு அதே கல்யாணத்தை அனுப்ப ஒரு நிமிஷம்கூட ஆகாது. பாய் வாளியைத் தூக்கும்போதே காசிம் போனில் பார்த்துவிடுவார். இந்த மாதம் காட்கோபர் ஸ்டேஷனில் மீரான் பாயைப் பார்த்தேன். தம்பி ஊர் திரும்பி வெகுநாள் ஆகிவிட்டதாம்.

"மிச்சப் படத்தப் பாத்தாரா, பாய்?"

"சிடி இருக்கும்மா. போட்டுப் பாக்கப் பொட்டிதான் எவன் வீட்லயும் இல்ல. அந்தப் பத்து நிமிஷம் மட்டும் அவன் போன்ல கெடக்கு." தாணே வண்டி வந்தது. ஏறப்போனவர் ஒரு நொடி நின்றார். "அந்தப் பந்தியில இருந்தவுகள்ல பாதிப் பேரு இப்ப இல்லம்மா."