சாவி சட்டைப் பையில்

சதுரங்கப்பட்டினத்தில் டீசல் வண்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஏசுபாதத்தைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். வேலை சுத்தம், வாய் அசுத்தம். கோட்டைக்குப் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு முப்பத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். காலையில் கிளம்பாத வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால், முதலில் ஓட்டினவனைத் திட்டுவார். அவன் அப்பனையும் ஒரு வார்த்தை திட்டுவார். அதற்கப்புறம்தான் பேனட்டைத் திறப்பார்.

திறந்துவிட்டால் அவரிடம் ஒரு வரிசை உண்டு. டீசல் வருகிறதா, சூடு வருகிறதா, என்ஜின் சுற்றுகிறதா, இந்த மூன்றுதான். ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்குவார். நுரை வந்தால் பைப்பில் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது ஹீட்டர் பிளக். அடுத்தது பேட்டரி முனையில் பூத்திருக்கிற உப்பு. கடற்கரை வண்டிகளில் பாதி நோய் உப்பு நோய்தான். இடது காது கேட்காது என்பதால் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அப்படி மூடித் திறந்து அவர் ஒன்று சொன்னால் அதற்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. அந்த மதிப்புதான் கடைசியில் வினையாக வந்து விடிந்தது.

போன கார்த்திகையில் மீன் வியாபாரி நீலமேகம் செத்துப்போனார். விடிந்தும் விடியாத நேரம். ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டு, வண்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருக்கிற குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நின்ற வண்டி திடீரென்று பாய்ந்து அவரைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. வண்டியை ஓட்டுகிறவன் அவருடைய மகன் சுதாகர். கையில் சாவியோடு வாசற்படியில் நின்றிருந்தான். வண்டி தானாகக் கிளம்பியது, சீட்டில் யாருமே இல்லை என்று அன்றைக்கே கதறினான். கேட்டவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

காரியம் முடிந்ததும் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. ஏசுபாதம் வேற்றூர்க்காரர், அங்கே யாருக்கும் பங்காளியும் இல்லை மாமனும் இல்லை. அதனால் அவர் சொல்வதை வைத்து முடிவெடுக்கலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். வேனைக் கொட்டகைக்கு இழுத்து வரச் சொல்லி இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். இருபது தடவை சாவி போட்டு எடுத்தார். ஒரு குறையும் இல்லை. பஞ்சாயத்தில் எழுந்து நின்று, தோள் துண்டைக்கூட எடுக்காமல் சொன்னார்.

"சாவி போடாம எந்த வண்டியும் ஸ்டார்ட் ஆவாது. பையன் பொய் சொல்றான்."

இரண்டாவது வாக்கியத்தை அவரிடம் யாருமே கேட்கவில்லை. வாய் இருக்கிறதே, அது சும்மா இருந்தால்தானே. தாய் சம்பூர்ணம் அத்தனை பேர் முன்னால் மகனைப் பார்த்து, அப்பனை முழுங்கிட்டுப் பொய் வேற சொல்றியாடா என்று கேட்டாள். அன்று சாயங்காலமே சுதாகர் வீட்டை விட்டுப் போய்விட்டான். பொத்தேரியில் காலேஜ் பசங்களுக்குச் சாப்பாடு போடும் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறான் என்று கேள்வி. பஸ்ஸில்கூட முன்பக்கம் உட்காருவதில்லையாம்.

பத்து மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்த வேனை இந்த ஐப்பசியில் சம்பூர்ணம் வெளியே எடுத்தாள். வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே. வரதன் என்று ஒரு டிரைவரைப் பிடித்து, ராத்திரியே ஐஸ் பெட்டிகளை ஏற்றி வைத்து, விடியற்காலையில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு இறால் அனுப்ப ஆரம்பித்தாள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் பிடித்தது சனியன். ராத்திரி நன்றாக இருந்த பேட்டரி காலையில் செத்துக் கிடந்தது. சார்ஜ் போட்டு வைத்தால் மறுநாளும் அதே கதை. ஒரு நாள் காலையில் வண்டி, விட்ட இடத்திலிருந்து ஒரு அடி முன்னால் நின்றது. மணலில் டயர் தடம் அச்சாகப் பதிந்திருந்தது. இன்னொரு நாள் வரதன் தற்செயலாக பேனட்டில் கை வைத்தான். சுட்டது. சாவி அப்போது வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆணியையும் சாவியையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனவன்தான், பாக்கிச் சம்பளம் கேட்கக்கூட வரவில்லை.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எலுமிச்சம்பழம் கட்டினார்கள், வேப்பிலை செருகினார்கள். சம்பூர்ணம் யாருக்கும் சொல்லாமல் நீலமேகம் பிடிக்கிற பீடிக்கட்டு ஒன்றை வாங்கி வண்டியின் டேஷ்போர்டில் வைத்தாள். அதற்கப்புறமும் மனசு ஆறாமல் நேரே கொட்டகைக்கு வந்தாள்.

"அண்ணாத்த, அது தானா ஸ்டார்ட் ஆவுதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு. ஆவுதுன்னா எம் புள்ள பொய் சொல்லல. நான்தான் அவன வூட்ட வுட்டுத் தொரத்திட்டேன்."

ஏசுபாதத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேயாவது பிசாசாவது, எவனோ ராத்திரியில் வண்டியை எடுத்து ஓட்டிவிட்டு வைக்கிறான் என்று கத்தினார். கத்தினாரே தவிர அவளைச் சும்மா திருப்பி அனுப்பவில்லை. வேனைக் கொண்டுவந்து மூன்று நாள் வைத்துப் பார்த்தார். டீசலில் காற்று இல்லை, ஹீட்டர் பிளக் நன்றாக வேலை செய்தது, ஸ்டார்ட்டர் புதுசு மாதிரி சுற்றியது. பழைய வண்டி என்பதால் ஒரே ஒரு சங்கதி. இதில் சாவியை எடுத்தாலும் டீசல் நிற்காது. தனியாக ஒரு கம்பியை இழுத்தால்தான் என்ஜின் அணையும். அந்தக் கம்பி எப்போதோ துருப்பிடித்து அறுந்துவிட்டது. அதனால் அப்பனும் மகனும் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டு என்ஜினை அமுக்கி அணைப்பார்கள். கியரிலேயே விட்டுவிட்டு இறங்குவார்கள். கரையோரத்தில் இது எல்லோரும் செய்கிறதுதான். உப்புக் காற்றில் ஹேண்ட்பிரேக் எந்த வண்டியில் பிடிக்கிறது? அதனால் ஏசுபாதம் அதைக் குறையாகவே எண்ணவில்லை. ஸ்க்ரூடிரைவரை எலும்பில் வைத்து மூன்று நாளும் கேட்டார். வண்டி ஒன்றும் சொல்லவில்லை.

உன் கொட்டகையில் அது ஒன்றும் பண்ணாது, அது நிற்கிற இடத்தில் வந்து பார் என்றாள் சம்பூர்ணம்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் போனார். வெயில் இல்லை. மூட்டமாக இருந்தது, தூறல் விழுந்துகொண்டிருந்தது. கடல் மதிலுக்கு அப்பால் இரைந்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த முற்றம் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு அந்த மதிலைப் பார்த்தபடி நின்றது. ஐஸ் இறால் பெட்டிகளை வழக்கம்போல ஏற்றச் சொன்னார். தொழில் பழக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டார், முன் சக்கரத்துக்குக் கல் வைத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழாயடியில் குந்தினார்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சம்பூர்ணம் வாசலில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருநாய் ஒன்று முற்றத்துக்குள் வந்து, வண்டியை மோந்துவிட்டு, வாலை இடுக்கிக்கொண்டு வெளியே போனது. அதைப் பார்த்து ஏசுபாதம் கெட்ட வார்த்தை ஒன்று சொல்ல வாயைத் திறந்தார்.

வண்டி செருமியது.

ஒரு தடவை இழுத்தது, நின்றது. மறுபடி இழுத்தது. பிறகு பிடித்துக்கொண்டது. காலியான சீட்டு குலுங்கியது, டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை, கறுப்புப் புகை தூறலுக்குள் தாழ்ந்து பரவியது. ஏசுபாதத்தின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. சாவி இருந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் எந்த என்ஜினுக்கும் பயப்படாத மனுஷன் பின்னால் நகர்ந்தார், முதுகு மதிலில் இடித்தது. தான் குந்தியிருந்த இடம் நீலமேகம் கால் கழுவிய இடம் என்பது அப்போதுதான் உறைத்தது. கல்லும் நியூட்ரலும் இல்லாவிட்டால் அவரும் இந்நேரம் சுவரோடு சுவராக இருந்திருப்பார்.

சம்பூர்ணம் தள்ளாடிக்கொண்டு இறங்கி வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். காலி சீட்டைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"வந்துட்டியாய்யா," என்றாள்.

ஏசுபாதம் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். தெரிந்துவிட்டது. பெட்டிகளிலிருந்து உருகின உப்புத் தண்ணீர், சரிவில் முன்பக்கம் ஓடிவந்து, துருப்பிடித்த ஓட்டை வழியாக நேரே ஸ்டார்ட்டர் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. வெடித்த ஒயரில் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு நீலப் பொறி. அந்தப் பொறியே ஸ்டார்ட்டரைச் சுற்றிவிடும், சாவி வேண்டியதில்லை. கொட்டகையில் தரை சமம், பெட்டி கிடையாது, தண்ணீர் கிடையாது. அங்கே இருபது தடவை என்ன, இருநூறு தடவை சாவி போட்டிருந்தாலும் இது தெரிந்திருக்காது. ஒரு தடவை இங்கே வந்து, இப்படிப் படுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

படுத்தபடியே கிடந்தார். சம்பூர்ணம் புருஷனோடு பேசுவது கேட்டது. இறால் விலை சொன்னாள், வீடு ஒழுகுவதைச் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை வந்தது நீலமேகம். அப்படியே விட்டுவிட்டால் என்ன? ஒயரைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு, ஆமாம்மா அவர்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பிள்ளை வீட்டுக்கு வருவான். பஞ்சாயத்தில் சொன்ன சொல்லுக்கும் பங்கம் வராது. பேய் செய்ததற்கு மெக்கானிக் என்ன பண்ணுவான்? ஆனால் இப்போது கிளப்புவது அப்பனுடைய பேய் என்றால், அன்றைக்கு அவர் உயிரோடு நின்றபோது கிளப்பியது யார் என்று அந்தப் பையன் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தார்.

என்ஜினை அணைக்கவில்லை. அவளைக் கூப்பிட்டுக் குனியச் சொல்லி அந்தப் பொறியைக் காட்டினார். ஒரு சொட்டு, ஒரு பொறி. அவள் உற்றுப் பார்த்தாள். கூப்பின கை மெல்லப் பிரிந்தது. பையனின் நம்பர் கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம், பிறகு குரல்.

"சுதாகரு, நான் ஏசுபாதம். நீ சொன்னது நெசம்டா. சாவி என் பையில கீது, வண்டி ஓடிகினு கீது. பொய் சொன்னது நான்தான். பஞ்சாயத்துலயே வந்து சொல்றேன்."

சம்பூர்ணம் போனைப் பிடுங்கி, எழுந்து நின்றாள். அழுகை மட்டும்தான் வந்தது, அதற்குப் பின்னால் என்ஜின் சத்தம் போயிருக்க வேண்டும்.

"எம்மா," என்றான் அவன். குரல் பதறியது. "வண்டி ஓடுதே, நீ எங்க நிக்கிற? முன்னாடி நிக்காத மா. இந்தப் பக்கம் வந்துடு."

அவள் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில்தான் நின்றிருந்தாள். ஏசுபாதம் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். போனுக்குள் அவன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.