கூச்சம் போன கழுத்து

சலூன்காரருக்குப் பல வருடமாக ஒரு மனக்குறை. ஊரார் தலையெல்லாம் அவர் கைக்கு அடங்கும். பெற்ற மகன் தலை மட்டும் அடங்காது. பிடரியில் மெஷின் பட்டாலே பயல் நெளிந்து நெளிந்து சிரிப்பான், வெட்டு கோணலாகிவிடும்.

பதினைந்து வயதில்தான் அவன் முதன்முதலாக ஆடாமல் உட்கார்ந்தான். பெஞ்சில் கூட்டாளிகள் மூவர். அவர்களுடைய செல்போனில் ஒரு குரல், "பல்லைக் காட்டுறவன் ஆம்பளையே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"போன வாரம் சிரிச்சான் அங்கிள். நாள் பூரா 'அக்கா'ன்னு கூப்பிட்டோம், திருந்திட்டான்" என்றான் ஒருவன். அதைச் சொல்லும்போதும் அவன் முகத்தில் சிரிப்பில்லை.

சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்தார். நான்கு முகங்களும் ஒரே அச்சாக இருந்தன. தன் பிள்ளை எது என்று ஒரு கணம் தெரியவில்லை. வேண்டுமென்றே பவுடர் பிரஷால் பிடரியை வருடினார். தோல் சிலிர்த்தது, முகம் அசையவில்லை.

"டேய், கூசலையாடா?"

மகன் கண்ணாடியை நேராகப் பார்த்தபடியே இருந்தான். வெட்டு அப்பழுக்கில்லாமல் அமைந்தது. அவர் இன்னொரு முறை பிரஷால் பிடரியை வருடிப் பார்த்துவிட்டுத் துணியை அவிழ்த்தார்.

கூட்டாளிகள் வெளியே போனதும் மகன் உதட்டை அசைக்காமலே பேசினான்: "அப்பா, இன்னைக்கு இவனுங்க நம்ம வீட்டுலதான் தங்குறானுங்க. நான் தூக்கத்துல சிரிக்கிறேனாம், தங்கச்சி சொன்னா. சத்தம் கேட்டா வந்து என் வாயைப் பொத்திடுங்க."