மருந்து என்றொரு கிளாஸ்

விருதுநகரில் ஒரு சின்ன சாப்ட்வேர் ஆபீசில் நான் வேலை பார்த்த காலம். முதலாளியும் நானுமாக இரண்டே பேர். மெடிக்கல் ஷாப் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்த புரோகிராம் நன்றாக ஓடியதில் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. அதில் 'மருந்து' என்று ஒரு கிளாஸ். ஒரு பொருளுக்கு என்னென்ன உண்டு, அது என்னென்ன செய்யும் என்று எழுதி வைப்பதுதான் கிளாஸ். என்னுடைய 'மருந்து' தன் பெயரையும் இருப்பையும் அலமாரியையும் அறியும். இரண்டு டப்பாவில் அரைகுறையாக மிஞ்சினால் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு கிளாஸ்களைத் திரட்டி ஒரு லைப்ரரியாக வைத்திருந்தேன்.

அடுத்த ஆர்டர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. எங்கள் பக்கத்தில் வெடிக்கலவைக்கும் மருந்து என்றுதான் பெயர். ஒவ்வோர் அறையிலும் மருந்து எவ்வளவு மிச்சம் என்று காலையில் ஏற்றினால், மதியத்துக்கு எந்த அறைக்கு எவ்வளவு என்று சீட்டு வர வேண்டும். அலமாரிக்குப் பதில் அறை, அவ்வளவுதானே. கிளாசின் பெயரைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்று சிரித்துக்கொண்டே லைப்ரரியை அப்படியே தூக்கி வைத்தேன். மூன்று வார வேலையை மூன்று நாளில் முடித்த கெட்டிக்காரன் நான். அந்தக் கம்பெனியில்தான் என் அக்கா வெடிக்குழாய்களில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தாள்.

சீட்டு முதன்முதலாக வரவிருந்த அன்று காலையில் மெடிக்கல் ஷாப்காரர் ஆபீசுக்கு வந்தார்.

“ஒங்க புரோகிராம் அங்கங்க மிச்சங் கெடக்கதெல்லாம் ஒரே டப்பால சேக்கச் சொல்லுது தம்பி. எம்புட்டு எடம் மிச்சமாகுது தெரியுமா,” என்றார்.

அதே கிளாஸ்தான் இன்று மதியம் பட்டாசுக் கம்பெனிக்கும் சீட்டு எழுதப்போகிறது.

பட்டாசுக் கம்பெனியில் அறைகள் தள்ளித் தள்ளித்தான் நிற்கும். ஓர் அறைக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்து, அதற்கு மேல் கூடாது. ஒன்று போனாலும் அடுத்தது தப்ப வேண்டும் என்று நடுவில் வெறும் பொட்டலாக விட்டிருப்பார்கள். நான் அறைகளை மட்டும் எண்ணிக்கொண்டு வந்திருந்தேன். கிளாஸ் என்பது ஓர் அறை. லைப்ரரி என்பது வேறெங்கோ கட்டி இங்கே கொண்டுவந்து இறக்கிய அறைகள். எது எதைத் தொடலாம், எது எதை நெருங்கவே கூடாது என்று முதலில் தீர்மானிப்பதற்குப் பெயர்தான் ஆர்க்கிடெக்சர். அந்தப் பொட்டலை என் புரோகிராமில் நான் விடவே இல்லை. கல்லூரியில் எழுதிப் பாஸான பாடம் அன்றுதான் புரிந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டால் எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. பஸ் ஏறினேன்.

ஆமத்தூர் தாண்டும்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் புகை தெரிகிறதா என்று ஜன்னல் பக்கம் திரும்பினோம்.

“குவாரில வெடி போடுறாக,” என்றார் கண்டக்டர்.

நான் நம்பவில்லை. அக்கா முகத்தை நினைக்கப் பயந்துகொண்டு, கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

கம்பெனி வாசலில், போர்மேன் லைசென்ஸ் விஷயமாகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போயிருப்பதாகக் கணக்கர் சொன்னார். சீட்டு வந்துவிட்டதாம், மருந்தும் அறை மாறிவிட்டதாம். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. உள்ளே யாரும் ஓடக் கூடாது, உரசினால் பொறி பறக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பொட்டலில் நடந்தேன். அவ்வளவு நீளமான தரையை நான் நடந்ததே இல்லை. அறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அறைக்குள் வேறு இரண்டு அறைகளின் மிச்சமும் சேர்ந்து இருந்தது.

கணக்கர் ஆள் விட்டு ஒவ்வொரு டப்பாவாக வெளியே எடுக்கச் செய்தார். கடைசி டப்பா பழைய இடத்துக்குப் போய்ச் சேரும்வரை எண்ணிக்கொண்டே நின்றேன்.

“இப்பிடிச் சேத்து வைக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதாக்கா?” என்று கேட்டேன். என்மேல் வந்த கோபம் அவள்மேல் பாய்ந்தது.

அக்கா கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “தெரியாம என்னலே? மத்தவளுக எல்லாம் மாட்டேன்னுட்டாளுக. எந்தம்பி எளுதுனது தப்பா இருக்காதுன்னு நாந்தான் தூக்கிட்டு வந்து வச்சேன்.”