குடும்பத்தினருக்கு மட்டும்

திரைக்குப் பின்னால் அமர்ந்து சாப்பிடுவதே மரியாதை என்று எங்கள் வீட்டில் நம்பினோம். சாரல் காலத்தில் அருவியில் குளித்துவிட்டு, தலையில் எண்ணெயும் உடையில் ஈரமும் வடிய, குற்றாலம் கடைத்தெரு ஓட்டலின் பச்சைத் திரையை விலக்கி ஃபேமிலி ரூமுக்குள் நுழைந்தால், தகரக் கூரையில் தூறல் விழும் ஓசைக்கிடையே ரசவடை ஆவி பறக்க வந்து சேரும்.

எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வந்த ஆண்டில், அந்த அறை வாசலில் தொங்கிய பலகையைச் சத்தமாக வாசித்தேன்: "குடும்பத்தினருக்கு மட்டும்." கணவன் திருப்பி அனுப்பிவிட்டதால் எங்களோடு இருந்த அத்தையைப் பார்த்து, "அப்ப நீங்க உள்ள வரக்கூடாதுல்லா அத்தை? ஒங்களுக்குத்தான் குடும்பம் இல்லையே" என்றேன்.

அப்பா சிரித்தார். "இவள வக்கீலுக்குல்லா படிக்க வைக்கணும்!" அம்மாவும் சிரித்தாள். யாரும் என்னைத் திருத்தவில்லை.

"ஈரத்துணிய ஒருத்தர் பாக்கணும்லா, நான் இங்கன இருக்கேன்" என்றாள் அத்தை. அதன்பின் ஒவ்வொரு சாரலுக்கும் அவள் வெளி பெஞ்சில், துணி மூட்டையை அணைத்தபடி சாப்பிட்டாள். அது அவளுக்குப் பிடித்த இடம் என்றே நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. சென்ற வாரம் தென்காசியில் ஒரு புதிய உணவகத்துக்கு அத்தையை அழைத்துப் போனேன். அங்கே திரையும் இல்லை, பலகையும் இல்லை. அவள் என் கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் அமர்ந்தாள்.

"நீ சாப்ட்டுட்டு வாட்டி, நான் பாத்துக்கிடுதேன்."

எவ்வளவு அழைத்தும் எழவில்லை. குடும்பம் என்று எனக்கு இப்போது இருப்பது அவள் ஒருத்திதான்.